பாதித் தொட்டித் தண்ணீர்

பேரீச்சங்கொட்டையின் கூரிய முனையால் டயர் வால்வை அழுத்திப் பிடித்தபடி ஸுவைனா வாய்க்குள் ஓதுகிறாள். திருக்குர்ஆனின் மிகச் சிறிய அத்தியாயங்களில் ஒன்று. காற்று சீறிக்கொண்டு வெளியேறுகிறது. மணலில் புதையாமல் ஓட டயர் தளரவேண்டும், எவ்வளவு என்பதற்கு ஓதும் நேரம்தான் அவளுக்கு அளவு. முன் சக்கரங்களுக்கு நான்கு முறை ஓதவேண்டும். தண்ணீர்த் தொட்டியின் பாரம் முழுக்கப் பின்னால் இருப்பதால் பின் சக்கரங்களுக்கு இரண்டு முறை போதும். ஓதி முடித்ததும் டயரின் விலாவில் உள்ளங்கையால் ஒரு தட்டு. சத்தம் பிடிக்காவிட்டால் இன்னும் ஓர் அரை முறை.

பிதியா ஊரின் கடைசியில், தார்ச்சாலை மணலுக்குள் முடிந்துபோகிற இடத்தில், பஞ்சர் கடை வைத்திருக்கும் கல்ஃபானுக்கு இதைப் பார்த்தால் பொறுக்காது.

“உம்மு ஹிலால், காத்து அளக்குற மீட்டர் ஒண்ணு சும்மாவே தர்றேன், எடுத்துட்டுப் போயேன்.”

“உன் மீட்டர் காலைல ஒண்ணு சொல்லும், வெயில் ஏறினா வேற சொல்லும். அந்த மாதிரி ஆளு எங்க வீட்லயே ஒருத்தர் இருக்கார். போதும்.”

உம்மு ஹிலால் என்றால் ஹிலாலின் தாய். மூத்தவன் பிறந்த நாளிலிருந்து ஊரில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கணவர் மஸ்கட்டில் ராணுவ முகாமில் இருக்கிறார். வியாழன் மாலை வருவார், சனி மாலை போய்விடுவார். தண்ணீர், தீவனம், கல்யாண அரிசி, காய்ச்சல்காரர்கள் என்று மணலுக்குள் போவதும் வருவதும் எல்லாம் அவளுடைய வெள்ளை பிக்கப் வண்டியில்தான். வயது நாற்பத்தாறு. பத்தொன்பதில் ஸ்டியரிங்கைப் பிடித்தவள்.

நெற்றியிலிருந்து இறங்கி மூக்கின்மேல் அலகுபோல் நீளும் கறுப்பு முகமூடி அணிந்திருப்பாள். வியர்வையில் அதன் சாயம் கரைந்து கன்னத்தில் நீலக் கோடு விழும். கால்களில் அவளே பின்னிய தடித்த கம்பளி உறைகள். கொதிக்கிற மணலில் இறங்கி நிற்க அதைவிட நல்லது இல்லை. வண்டி ஓட்டும்போதும் அவற்றைக் கழற்றமாட்டாள். “செருப்பு மாட்டினா மணல் என்ன சொல்லுதுன்னு கால்ல ஏறாது” என்பாள்.

ஏற்றத்தில் அவள் பேசமாட்டாள், பக்கத்தில் இருப்பவரையும் பேசவிடமாட்டாள். வண்டியோடு மட்டும் பேச்சு உண்டு. “ஏறுடி மகளே… ஏறு… மூச்ச விட்ராத.” மணல்மேட்டின் முகட்டைத் தொடும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவாள். வண்டியின் மூக்கு ஒரு கணம் அந்தரத்தில் நிற்கும். முன்னால் மண் இராது, வழி இராது, வெறும் வானம்தான். பக்கத்தில் இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொள்ளும் அந்தக் கணத்தில்தான் அவள் முகமூடிக்குக் கீழே விரலை விட்டு வியர்வையைத் துடைப்பாள்.

கோடையில் அவள் கிளம்புவது விடியலுக்கு முன். இரவின் ஈரம் இருக்கும்வரை மணல் இறுகிக் கிடக்கும். பத்து மணிக்கு மேல் மாவாகிவிடும். மதிய வெயிலில் பாரத்தோடு மணல் ஏறுகிறவர்களைப் பற்றி அவளிடம் ஒரே சொல்தான் உண்டு: “ஊர்க்காரன்.” நகரத்திலிருந்து வாரக்கடைசியில் கொடி கட்டிய வண்டிகளோடு வருகிறவர்களை அவள் அப்படித்தான் ஏசுவாள்.

போன ஜூலையில் ஒரு நாள் அவளே அப்படிப் போகவேண்டி வந்தது.

மணலுக்குள் நாற்பது கிலோமீட்டர் தள்ளிய பட்டியில் அவள் தம்பி ராஷித் பதினொரு ஒட்டகங்களோடு தனியாக இருந்தான். ஒன்று கன்று ஈன்று ஒன்பது நாள். அவனுடைய வண்டி பழுதாகிக் கிடந்தது. முந்தைய மாலை, சிக்னல் கிடைக்கிற முகட்டில் ஏறி நின்று பேசினான்.

“அக்கா, இன்னைக்கு ராத்திரி ஒட்டகத்துக்கு ஊத்திட்டா தொட்டி காலி. எனக்கு ஒரு பாட்டில் கெடக்கு.”

“காலைல வந்துடுவேன்டா.”

“மத்தியானம் லுஹர் தொழுகை நேரம் வரைக்கும் பாப்பேன். வரலைன்னா நடந்து வந்துடறேன்.”

“நடந்தேன்னா காலை ஒடிச்சுப்புடுவேன். இருந்த எடத்துலயே இரு.”

மணலில் மாண்டவர்களில் பெரும்பாலோர் நடக்கத் தொடங்கியவர்கள். காற்று அடித்தால் அரைமணியில் காலடி அழிந்துவிடும். பிறகு தேடுகிறவர்களுக்கும் வழியில்லை. அக்கா தம்பி இருவருக்கும் இது தெரியும். தாகம் எடுத்தவனுக்கு மட்டும் அது மறந்துபோகும். அவளுடைய பயம் அதுதான்.

மறுநாள் பார்த்து ஊரில் மின்சாரம் இல்லை. ஆழ்துளைக் கிணற்று மோட்டார் ஓடவில்லை. எண்ணூறு லிட்டர் தொட்டி நிறையும்போது மணி ஒன்பதரை.

“சாயங்காலம் போயேன்” என்றான் கல்ஃபான். அன்று அவன் சிரிக்கவில்லை.

“சாயங்காலம் போனா அவன் இருப்பானோ நடப்பானோ” என்று சொல்லி வண்டியை எடுத்தாள்.

பாதி வழி தாண்டியதும் எதிர் முகட்டில் ஒரு வண்டி தெரிந்தது. ஹமூதின் வண்டி. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒட்டகப் பந்தயத்தில் ராஷிதுக்கும் ஹமூதின் அண்ணனுக்கும் வாய்த்தகராறு. அன்றிலிருந்து ஒருவர் வீட்டில் மற்றவர் உட்கார்ந்து காப்பி குடிப்பது கிடையாது. ஆனால் மணலில் எதிர்ப்படுகிறவர்கள் நிற்கவேண்டும், செய்தி கேட்கவேண்டும். பகையாளியானால் இன்னும் கட்டாயம் நிற்கவேண்டும். நிற்காமல் போனால் பகை பேரப்பிள்ளைகள் வரை போகும். ஹமூத் கையைத் தூக்கி நிறுத்தினான். அவன் நின்றது சரிவின் இறுகிய இடம். அவள் நிற்கவேண்டியிருந்தது பள்ளத்தின் அடியில், மணல் மாவாகக் கிடந்த இடத்தில். சக்கரம் அங்கே நிற்கக்கூடாது என்று அவள் காலுக்குத் தெரியும். நிறுத்தினாள்.

“உம்மு ஹிலால், நல்லாருக்கீங்களா? என்ன செய்தி?”

“நல்லாருக்கேன். செய்தி ஒண்ணுமில்ல. உங்க பக்கம்?”

“இங்கயும் ஒண்ணுமில்ல. ஆளுங்க சுகம்? ஒட்டகங்க சுகம்?”

“எல்லாம் சுகம். இறைவனுக்கே புகழ்.”

“இந்த வெயில்ல…?”

“சும்மா, தம்பியப் பாக்க.”

வழியில் நின்று கேட்டால் செய்தி இல்லை என்பதுதான் பதில். வீட்டில் சாவே விழுந்திருந்தாலும் முதல் பதில் அதுதான். காப்பி முடிந்தபிறகே உண்மை வெளியே வரும். இங்கே காப்பி இல்லை. “தம்பிகிட்ட தண்ணி இல்ல, கொஞ்சம் கூட வாங்க” என்று சொல்ல வாய் வரவில்லை. ராஷித் தாகத்தில் கிடக்கிறான் என்பது அன்று மாலைக்குள் அந்த வீட்டு முற்றத்தில் பேச்சாகிவிடும். ஹமூத் மார்பில் கைவைத்து விடைபெற்று முகடு தாண்டி மறைந்தான்.

அவள் வண்டியை நகர்த்தினாள். பின் சக்கரங்கள் ஒரு சுற்று சுற்றின, அச்சுவரை இறங்கின. இரண்டாம் சுற்று அவள் விடவில்லை. உடனே அணைத்துவிட்டாள்.

ஹாரனை அடித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. அடிக்கவில்லை.

இறங்கி முழங்கால் போட்டுக் கைகளால் தோண்டினாள். தோண்டத் தோண்ட மணல் மேலிருந்து வழிந்தது. டயர்களில் இன்னும் இருமுறை ஓதுகிற அளவு காற்றை விட்டாள். வண்டி ஒரு சாண் நகர்ந்து மறுபடி அமர்ந்தது. மணி பன்னிரண்டை நெருங்கியது. பொழுது சாயும்வரை காத்திருந்தால் மணல் தானாக இறுகும். ராஷித் காத்திருக்கமாட்டான்.

தொட்டியைப் பார்த்தாள். ஈர மணல் கெட்டிப்படும். பாரம் குறைந்தால் வண்டி எழும்பும். இரண்டுக்கும் ஒரே வழிதான்.

முதலில் இரண்டு வாளி பிடித்துச் சக்கரங்களின் முன்னால் ஊற்றினாள். ஊற்றிய இடம் தெரியாமல் மணல் குடித்துவிட்டது. பிறகு குழாயை எடுத்துத் திருகைத் திறந்தாள். ஒரு சக்கரத்துக்கு முன்னால் பத்து அடி, மறு சக்கரத்துக்கு முன்னால் பத்து அடி, திரும்பவும் முதலிலிருந்து. வாழ்நாளில் ஒரு குவளைத் தண்ணீரைக்கூடக் கீழே சிந்தாதவள். நீர் விழுந்த இடத்திலிருந்து ஆவி எழுந்தது. ஒட்டகங்களைப் பெயர் சொல்லி எண்ணிக்கொண்டே கொட்டினாள்: இது சம்ஹாவுக்கு, இது கிழட்டு வத்ஃபாவுக்கு. ஐந்தாவது பெயரில் திருகை மூடினாள்.

ஈரம் காயுமுன் ஏறி உட்கார்ந்து மெல்ல அழுத்தினாள். “வாடி மகளே.” வண்டி முனகியது, வந்தது. அடுத்த மூன்று முகடுகளிலும் அவள் எங்கேயும் நிற்கவில்லை.

பட்டிக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் காலடிகளைக் கண்டாள். இடது பாதம் வெளியே திரும்பியது. ராஷித். ஊர்ப்பக்கம் போகாமல் தவறான திசையில் போயிருந்தான். அடிகளுக்கிடையே இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. அவற்றைத் தொடர்ந்து போனாள். தனித்து நின்ற ஒரு வன்னி மரத்தின் கீழ் அவன் தலையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான்.

அவள் ஏசவில்லை. ஈரத் துணியால் உதட்டைத் துடைத்து, மூடியால் மூடியாக ஊற்றினாள். நாக்குத் திரும்பியதும் அவன் கேட்டான்:

“வழியில யாரையாச்சும் பாத்தியா?”

“ஹமூத்.”

“நின்னியா?”

“நிக்காம எப்படிடா போறது?”

“என்ன சொன்ன?”

“என்ன சொல்லணுமோ அது.”

அவன் மெல்லத் தலையாட்டினான். தானும் அதையே சொல்லியிருப்பான் என்பது அந்த ஆட்டத்தில் இருந்தது.

பட்டியில் ஒட்டகங்கள் தொட்டியின் வாசனைக்கே எழுந்து வந்துவிட்டன. கன்று ஈன்றதற்கு முதலில், பிறகு மற்றவற்றுக்கு ஆளுக்குக் கொஞ்சம். ஊற்றுமுன்பே வண்டித் தொட்டியைத் தட்டிப் பார்த்திருந்தான் ராஷித். ஓசை பாதியிலிருந்துதான் வந்தது. “நாளைக்கு விடியறதுக்குள்ள இன்னொரு நடை வர்றேன்” என்றாள்.

லுஹர் நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. ராஷித் குவளையில் நீர் மொண்டு, தொழுகைக்குமுன் கைகால் கழுவ அவளிடம் நீட்டினான். அவள் அதை வாங்கி, கன்றுக்காரியின் தொட்டிக்குள் ஊற்றினாள். தண்ணீர் இல்லாதவர்கள் மணலாலேயே சுத்தம் செய்துகொண்டு தொழலாம் என்கிறது மார்க்கம். பிறகு தண்ணீர் வண்டியின் நிழலில் முழங்காலிட்டு, முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இரு உள்ளங்கைகளையும் சுடுமணலில் அடித்து, ஒன்றோடொன்று தட்டி உதறி, நீலச் சாயம் வழிந்திருந்த முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.