நனையாமல் ஒரு குளி

சாவு வீட்டுக்குப் போனாலும் ஆன்ட்ரூஸின் கண் முதலில் குழாய்க்குத்தான் போகும். முற்றத்துக் குழாயை இறுக்கித் திருகி, சொட்டு நின்றதா என்று குனிந்து பார்த்த பிறகுதான் முகத்தைத் துக்கத்துக்குத் தோதாக வைத்துக்கொள்வார். ஒரு திருவிழாப் பூசையின்போது கொடிமரத்தடிக் குழாய் ஒழுகுவதைக் கண்டுவிட்டு, சாமியார் பிரசங்கத்தில் இருக்கும்போதே எழுந்துபோய் அடைத்துவிட்டு வந்தவர். "நல்ல வெள்ளத்த ஒழுக விடுதவன் பாவசங்கீர்த்தனத்துல அதயும் சேத்துச் சொல்லணும்" என்பது அவர் கட்சி. கடியப்பட்டணத்தில் கிணற்றுத் தண்ணீர் உப்பு. பஞ்சாயத்துக் குழாயில் நல்ல தண்ணீர் வருகிற நாளில் தெருவே குடத்தோடு நிற்கும். அதனால் இந்த விஷயத்தில் அவரை யாரும் கேலி செய்வதில்லை.

கேலி வேறொன்றுக்கு. பழைய குளியலறையை இடித்துப் புதிதாக்க அழைத்தால், மற்ற பிளம்பர்கள் போல அவர் அளக்கிற டேப்பை உருவிக்கொண்டு நுழைவதில்லை. வீட்டுக்காரரை உள்ளே நிறுத்தி, "குளிச்சுக் காட்டும்" என்பார். உடுத்த துணியோடு, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல், கோரி ஊற்றி, சோப்புப் போட்டு, முதுகு தேய்த்து, துவட்டுவதுவரை நடித்துக் காட்ட வேண்டும். கை எங்கே நீள்கிறது, முழங்கை எங்கே இடிக்கிறது என்று பார்த்துச் சுவரில் பச்சைச் சாக்குக்கட்டியால் புள்ளி வைப்பார். குழாய் அந்தப் புள்ளியில்தான் முளைக்கும். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் நடிப்பில் ஊறிப்போய், கண்ணில் சோப்பு பட்டதாக நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, துடைக்கிற துவர்த்துக்குத் துழாவினார். ஆன்ட்ரூஸ் சிரிக்கவில்லை. துழாவின கை பட்ட இடத்தில் ஒரு புள்ளி வைத்தார்.

பெண்கள் குளிக்கிற இடமென்றால் ஆன்ட்ரூஸ் வாசலோடு சரி. மனைவி கிரேசி சாக்குக்கட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்துவாள். அவள் தையல்காரி, ஊர்ப் பெண்களின் அளவெல்லாம் அவளுக்கு அத்துபடி. உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வரும், பிறகு புள்ளிகளோடு சுவர் தயாராகும்.

இந்தக் கிறுக்குக்கு வித்திட்டவளும் கிரேசிதான். மஸ்கட்டில் பெரிய கட்டிடங்களுக்குக் குழாய் போட்டுப் பெயர் வாங்கிய ஆன்ட்ரூஸ், ஊருக்குத் திரும்பியதும் தன் வீட்டில்தான் முதல் வேலையைக் காட்டினார். பளபளவென்று குழாய். குனிந்து நிமிர்ந்த கிரேசியின் தலையில் அது நங்கென்று இடித்தது. "இது நீங்க குளிக்க வச்சியளா, நான் குளிக்க வச்சியளா?" என்று நெற்றியைத் தடவிக்கொண்டு அவள் கேட்டாள். மஸ்கட்டில் குளிக்கப்போகிறவன் முகத்தைப் பார்த்து யார் குழாய் வைத்தார்கள்?

இவ்வளவு சொன்னபிறகு அவருடைய பிடிவாதத்தையும் சொல்லிவிட வேண்டும். ஷவர் என்றாலே அவருக்கு ஆகாது. "குளின்னா கோரி ஊத்தணும். தூத்தல்ல நிக்கியதுக்கு ஒரு பாத்ரூமா?" என்பார். வளைகுடாப் பணத்தில் வீடு கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் ஷவர் வேண்டும். ஆன்ட்ரூஸ் வேண்டா வெறுப்பாக ஒரு மூலையில் அதை மாட்டிவிட்டு, பல்லி குடியிருக்க நல்ல இடம் என்று சொல்லிவிட்டு வருவார்.

ஞானதாசன் வீட்டில் அவரைக் கூப்பிட்டதும் ஷவருக்காகத்தான். துபாயிலிருக்கும் மகன் ஷிபு வாட்ஸாப்பில் படம் அனுப்பி, அப்பாவுக்கு இப்படி ஒரு பாத்ரூம் வேண்டும் என்று சொல்லியிருந்தான். படத்தைப் பார்த்ததுமே ஆன்ட்ரூஸ் உதட்டைப் பிதுக்கினார்.

ஞானதாசன் வள்ளத்தில் கடல் பார்த்தவர். காற்றை மீறிக் கேட்கிற குரல். வாதம் வந்து வலப்பக்கத்தைக் கொண்டுபோய்விட்டது. குரலும் இடது கையும் மிச்சம். கம்பை ஊன்றி மெல்ல நடப்பார். மனைவி நேசபாய் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்த்தி, குழந்தையைப்போலக் குளிப்பாட்டுகிறாள். நாற்காலி போட்டால் பழைய குளியலறையின் கதவு மூடாது. திறந்த கதவுக்கு ஒரு சேலையைத் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார் மனிதர். குளிக்கிற நாளில் அன்றைக்கு முழுக்க யாரோடும் பேசமாட்டார் என்று நேசபாய் கிரேசியிடம் சொல்லி அழுதாள்.

குளித்துக் காட்டச் சொன்னதும் ஞானதாசன் கம்பைத் தரையில் தட்டினார். "செத்த கைய வச்சி நாடகம் ஆடணுமோ? கதவ அடச்சி, கொண்டியப் போட்டு, நான் ஒருத்தனா குளிக்கணும். அதுக்கு ஆவுமின்னா செய்யி. இல்லன்னா போ, மக்கா."

நேசபாய்க்குக் கொண்டி என்ற சொல்லே பிடிக்கவில்லை. உள்ளே விழுந்து கிடந்தால் யார் திறப்பது என்று அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அவர் கேட்டதிலும் இருந்தது. நடுவில் மாட்டிக்கொண்ட ஆன்ட்ரூஸ் சற்று நேரம் காதைச் சொறிந்தார். பிறகு நேசபாயிடம் ஒரு துவர்த்து வாங்கி, தன் வலது கையை உடம்போடு சேர்த்துக் கட்டச் சொன்னார். கிரேசி இறுக்கிக் கட்டினாள். நாற்காலியில் உட்கார்ந்து, ஞானதாசனுக்குப் பதிலாக அவரே குளிக்கத் தொடங்கினார்.

கோரி ஊற்றியது எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. சோப்பு எடுக்க வேண்டும் என்றபோது கையில் கப்பு இருந்தது. கப்பை வைத்தார், சோப்பை எடுத்தார், தேய்த்தார். இப்போது தண்ணீர் வேண்டும். சோப்பை வைத்தார், கப்பைத் தேடினார். கப்பைப் பிடித்த கையால் தேய்க்க முடியவில்லை, தேய்க்கிற கையால் ஊற்ற முடியவில்லை. நடிப்புக் குளியலே இப்படி இழுத்தது. இடது கைக்குச் சோப்புப் போட வேண்டிய நேரம் வந்ததும் ஆன்ட்ரூஸின் கை அந்தரத்தில் நின்றுபோனது.

வாசலில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஞானதாசனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாதம் வந்த பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. "எலேய், எடது கைய எத வச்சித் தேப்ப?"

"அறிஞ்சூடா அண்ணே. நீரு சொல்லும்."

"நான் குளிச்சிப் பாத்தாச்சி. இவ சந்தைக்குப் போன நேரத்துல பாத்தேன். சொவத்துல கொஞ்சம் பழைய வலையச் சுருட்டி அடிச்சி வையி. சோப்ப அதுல தேச்சிட்டு, கைய அதுல ஒரசினாப் போதும்."

நேசபாய் வாயில் கை வைத்தாள். தான் இல்லாத நேரத்தில் இந்த மனிதர் வழுக்குகிற தரையில் தனியாக மல்லாடியிருக்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. கோபித்துக்கொள்ள வாயெடுத்தவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். ஞானதாசன் தட்டுத்தடுமாறி உள்ளே வந்து, ஆன்ட்ரூஸை எழுப்பிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தார். நாடகம் ஆடமாட்டேன் என்றவர் தலை முதல் கால்வரை குளித்துக் காட்டினார். கிரேசி பின்னாலேயே புள்ளி வைத்துக்கொண்டு போனாள்.

துவர்த்தை அவிழ்த்துக்கொண்டே ஆன்ட்ரூஸ் சொன்னார்: "ஷிபு சொன்னது செரிதான் மைனி. இவருக்கு வெள்ளம் தானா விழணும்." அதைச் சொல்ல அவர் பட்ட பாட்டைப் பார்த்துக் கிரேசி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். பல்லி எங்கே குடியிருக்கும் என்று அவள் கேட்கவில்லை. அது அவள் பெருந்தன்மை.

உட்கார்ந்தவரின் தோளுக்கு நேரே ஷவர். திருகத் தேவையில்லாமல் இடது முழங்கையால் தட்டினாலே திறக்கிற குழாய். தரைக்கு மயிலாடியிலிருந்து வரவழைத்த, சொரசொரப்பாகக் கொத்திய கல். உட்காரவும் அதே கல்லில் திண்டு, எழும்போது பிடிக்க இடப்பக்கம் கம்பி. கதவை வெளிப்பக்கமாகத் திறக்கும்படி மாற்றினார். சுவரில், ஞானதாசனின் பழைய வலையையே சுருட்டி இறுக்கியிருந்தார். கதவில் கொண்டியும் இருந்தது. அதில் ஒரு சூட்சுமம் உண்டு. வெளியிலிருந்து ஒரு காசை வைத்துத் திருப்பினால் திறந்துகொள்ளும். அதை நேசபாயிடம் மட்டும் சொல்லி, ஒரு காசையும் அவள் கையில் வைத்து மூடினார்.

முதல் குளியல் நடந்த காலையில் பஞ்சாயத்துத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஆன்ட்ரூஸும் கிரேசியும் வந்திருந்தார்கள். ஞானதாசன் உள்ளே போனார். கதவைச் சாத்தினார். இரும்பு சரசரவென்று இழுபடும் சத்தம் கேட்டது, கொண்டி விழுந்தது. நேசபாய் கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றாள், காசை இறுகப் பிடித்தபடி. ஷவர் பெய்தது. திடீரென்று உள்ளே ஏதோ தொப்பென்று விழுந்தது. அவள் காசைத் தாழ்ப்பாளுக்குக் கொண்டுபோய்விட்டாள்.

"ஏட்டி, சோப்புதான். இன்னும் அங்கனயேதான் நிக்கியா?" வள்ளத்துக் குரல். ஆனால் கடைசியில் கொஞ்சம் உடைந்திருந்தது.

அவளால் நகரவும் முடியவில்லை, நிற்கிறேன் என்று சொல்லவும் முடியவில்லை. ஆன்ட்ரூஸ் அவளை அங்கேயே இருக்கும்படி கையால் காட்டிவிட்டு, செருப்பைக் கழற்றி, ஓசைப்படாமல் முற்றத்துக்குப் போனார். நேசபாயின் குடத்தைப் பஞ்சாயத்துக் குழாய்க்கு அடியில் வைத்து, முழுக்கத் திறந்தார். அவள் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள் என்று உள்ளே இருப்பவர் நினைக்கட்டும்.

குடம் நிறைந்தது. வழிந்தது. நல்ல தண்ணீர் முற்றத்து மணலில் ஓடியது. கதவுக்குப் பின்னால் ஞானதாசன் எதையோ முனகிக்கொண்டு குளித்துக்கொண்டிருந்தார். கிரேசி குழாயைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள். ஆன்ட்ரூஸ் குழாயின் மேல் கையை வைத்துக்கொண்டு, அதை மூடாமல் நின்றார்.