உடுப்பிட்டிக்குப் போன கடல்

கொழும்பில் ஒரு கழகத்துக்கு உதைபந்தாட்டம் ஆடிச் சம்பளம் வாங்கினேன். பிறகு மாலைதீவிலும் சில காலம். முழங்கால் கைவிட்டதும் ஊருக்குத் திரும்பி, மயிலிட்டியில் ஒரு கழகத்துக்குப் பயிற்சியாளரானேன். எனக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. இந்த வேலைக்கு அது வேண்டும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

என் ஆட்டக்காரர்கள் காலையில் கடற்றொழில் செய்து, மாலையில் பந்தடிப்பவர்கள். எவ்வளவு ஓடவிட்டாலும் களைக்கமாட்டார்கள். ஆனால் "இடது பக்கம் போ" என்றால் நின்று யோசிப்பார்கள். யோசித்து முடிப்பதற்குள் பந்து போய்விடும். எங்கள் மைதானம் கரையோரம் இருந்ததால், "கடல் பக்கம் போ, தரைப் பக்கம் போ" என்று மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். பறந்தார்கள். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

முதல் போட்டி சொந்த மைதானத்தில். இடது காலால் மட்டுமே ஒழுங்காக அடிக்கத் தெரிந்த ஒருவனை, இடது பக்கம் என்று நினைத்து, கடல் பக்கம் நிறுத்தினேன். அவன் முதல் பாதியிலேயே கோல் போட்டான். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறின. இப்போது கடல் எங்களுக்கு வலது பக்கம். அவனோ கடலை விட்டு அசையவில்லை. தரைப் பக்கத்தவனும் அப்படியே. ஆளுக்கு ஆள் பிழையான காலால் அடித்து, வென்றிருக்கவேண்டிய போட்டியைக் கோட்டைவிட்டோம்.

தொண்டை கிழியக் கத்தினேன். இடது காலன் அமைதியாகச் சொன்னான்:

"அண்ணை, நீங்கள்தானே கடல் பக்கம் எண்டு சொன்னனீங்கள். கடல் இடம் மாறேல்லையே."

எல்லோரும் சிரித்தார்கள். கழகத் தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு படகுக்குச் சொந்தக்காரர், அளந்துதான் பேசுவார்.

"தம்பி, உடுப்பிட்டியிலையும் தோத்தால் நாங்கள் வேறை ஆளைப் பாக்கவேணும்."

பந்தடியைத் தவிர வேறொன்றும் தெரியாதவன் நான். இதுவும் போனால் மைதானத்துக்கு வெளியே நின்று பார்க்கிற ஆள்தான்.

உடுப்பிட்டி மைதானத்தைச் சுற்றி வெங்காயத் தோட்டங்கள். ஆட்டம் தொடங்கப் போகிற நேரத்தில் என் ஆட்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அண்ணை, இஞ்சை கடல் எந்தப் பக்கம்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"நான் நிக்கிற பக்கம்தான் கடல்! என்னைப் பாத்து விளையாடுங்கோ!"

சொன்ன பிறகுதான் அதில் எவ்வளவு வசதி இருக்கிறது என்று விளங்கியது. முதல் பாதி முழுக்க எங்கள் இடது பக்கக் கோட்டருகே நின்றேன். அணிகள் பக்கம் மாறியதும், நொண்டி நொண்டி மைதானத்தைச் சுற்றி எதிர்ப்பக்கம் போனேன். கோட்டு நடுவர் விநோதமாகப் பார்த்தார்.

"என்ன கோச், அங்கை வெயிலோ?"

"ஓம், சரியான வெயில்."

உள்ளே எங்கள் ஆட்கள் சிரிப்பை அடக்கமுடியாமல் தவித்தார்கள். "டேய், கடல் நடந்து வருகுதடா!" என்று கத்தியபடியே இடது காலன் என் பக்கம் ஓடிவந்தான். எல்லோரும் சரியான இடத்தில். ஆட்டம் முடியப்போகும் நேரம், அவன் என் மூக்குக்கு முன்னால் பந்தைக் கொண்டுபோய், உள்ளே திரும்பி, இடது காலால் ஒரு அடி. கோல்! முழங்காலை மறந்து துள்ளினேன். பிறகு விசில் ஊதும்வரை நிலத்தில் குந்தியிருந்துதான் பார்த்தேன். கடல் குந்தியதால் யாரும் குழம்பவில்லை, வென்றுவிட்டோம்.

திரும்பும்போது வாகனத்தில் தலைவர் என் பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

"அடுத்த மட்ச் சாவகச்சேரியிலை," என்றார். "அங்கையும் கடல் இல்லை. நீர் கட்டாயம் வரவேணும்."