எஸ்தருடன் மகாபலிபுரம் வரை

வண்டியில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், என் மனைவி எஸ்தர், டாக்ஸி ஓட்டிய காசி. இல்லாதவள் எங்கள் மகள் கிரேஸ். ஒன்றரை வயது. எஸ்தருக்கு நுரையீரலில் டி.பி. என்று படம் எடுத்துச் சொன்ன அன்று சாயங்காலமே அவளுடைய அக்கா ரூத் பல்லாவரத்திலிருந்து வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். அதாகி மூன்று வாரம்.

1970 பிப்ரவரி, இரண்டாவது சனிக்கிழமை. எனக்கு ஆபீஸ் விடுமுறை. சானடோரியத்தில் படுக்கை கிடைத்திருப்பதாகக் கடிதம் வந்து பத்து நாள் ஆகியிருந்தது. திங்கட்கிழமைக்குள் சேர வேண்டும், தவறினால் அடுத்தவருக்குப் போய்விடும். எஸ்தர் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். அவள் இரண்டாம் வகுப்பு டீச்சர். படம் எடுத்த மறுநாளே பள்ளிக்கூடத்தில் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதை அவள் பொறுத்துக்கொண்டாள். ஆனால் போன ஞாயிறு கோயில் ஆராதனையில், திருவிருந்துக் கிண்ணத்தில் எல்லோரும் திராட்சை ரசம் குடித்த பிறகு கடைசியாக வரும்படி ஒருவர் காதோடு சொன்னார். எஸ்தர் கடைசியாகவும் போகவில்லை. அன்றிலிருந்து வீட்டிலும் சரியாகச் சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை அவளே பேசினாள்.

"சேர்ந்துடறேன். அதுக்கு முன்னாடி ஒரு நாள் என்னை வெளிய கூட்டிக்கிட்டுப் போங்க. கடலைப் பார்க்கணும். ஓட்டல்ல நாலு பேரோட உக்காந்து இலை போட்டுச் சாப்பிடணும். யார்கிட்டயும் சொல்லக்கூடாது."

"எதை?"

"எதைன்னு கேக்கறீங்க பாருங்க!"

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். டாக்டரிடமும் கேட்டேன். ஊசி போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், இருமினால் வாயைத் துணியால் மூடிக்கொள்ளட்டும், நன்றாகச் சாப்பிட வையுங்கள் என்றார். வெளியே வரும்போது அச்சடித்த தாள் ஒன்று கொடுத்தார்கள். நோயாளியின் டம்ளரும் தட்டும் தனியாக இருக்க வேண்டும், கொதிநீரில் கழுவ வேண்டும் என்று அதில் இருந்தது. நான் பிறந்த வீட்டில் அச்செழுத்து படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அந்தத் தாளை மனப்பாடமாக வைத்திருந்தேன்.

காலை 6.10. இரும்புலியூரில் எங்கள் தெருமுனையில் காசியின் அம்பாஸடர் வந்து நின்றது. தாம்பரம் ஸ்டாண்டில் பழக்கமான ஆள். நாள் முழுவதற்கும் ஐம்பத்தைந்து ரூபாய், டிரைவர் சாப்பாடு எங்கள் பொறுப்பு என்று பேச்சு. அது என் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு.

"அம்மாவுக்கு ஜன்னல் சீட்டு குடுத்துடுங்க சார். காத்து சும்மா ஜிலுஜிலுன்னு வரும்" என்றார் காசி. எஸ்தர் கல்யாணத்தில் வந்த நீலப் பட்டுப் புடவையைக் கட்டியிருந்தாள். ரவிக்கை தொளதொளவென்று இருந்தது. மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் அவளுடைய டம்ளர்.

வண்டலூரில் பெரிய ரோட்டை விட்டு இடது பக்கம் திரும்பினோம். அங்கிருந்து கேளம்பாக்கம் பத்தொன்பது கிலோமீட்டர். ரோடு ஒரு வண்டி அகலம்தான். எதிரே மாட்டு வண்டி வந்தால் இரண்டில் ஒன்று மண்ணில் இறங்க வேண்டும். இரண்டு பக்கமும் அறுப்பு முடிந்த வயல். ஏரிகளில் தண்ணீர் பாதிக்கு இருந்தது. கரையெல்லாம் கொக்கு. இந்த வழியில் போக நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்று ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லையும் நான் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டே வந்தேன்.

காசி கண்ணாடியில் பார்த்துவிட்டார். "இன்னா சார், கல்லு கல்லா எய்திகினு வரீங்க? நாம அந்தாண்ட போனதும் ரோட்ட யார்னா சுருட்டிகினு பூடுவானா?"

எஸ்தர் சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"தூசிம்மா, பேஜார் புடிச்ச ரோடு" என்றார் காசி.

காலை 7.20. கேளம்பாக்கம். கூட்டு ரோட்டருகே கூரை போட்ட ஓட்டல். இட்லி ஒன்று பத்துக் காசு, வடை பதினைந்து, காபி இருபத்தைந்து. மூன்று பேரும் பத்து இட்லி, மூன்று வடை சாப்பிட்டோம். எஸ்தர் காபியைப் பைக்குள் இருந்த டம்ளரில் சாய்த்துக்கொண்டாள். யாரும் கவனிக்கவில்லை. இட்லி கல் மாதிரி இருந்தது. அவள் நான்கு சாப்பிட்டாள். வீட்டில் ஒன்றரையைத் தாண்ட மாட்டாள். இரண்டு ரூபாய் இருபது காசு கொடுத்துவிட்டு வண்டியில் ஏறும்போது, "பார்த்தீங்களா, ஒண்ணும் ஆகல" என்றாள்.

கேளம்பாக்கத்திலிருந்து கோவளத்துக்குக் கிழக்கே ஐந்து கிலோமீட்டர். இந்த ஐந்து கிலோமீட்டருக்காகவே யாரும் இந்தப் பக்கம் வரலாம். இரண்டு பக்கமும் உப்பளம். பாத்தி பாத்தியாக நின்ற தண்ணீரில் வானம் துண்டு துண்டாகக் கிடந்தது. உப்பைக் குவித்து மேலே பனையோலை வேய்ந்திருந்தார்கள். உப்பங்கழியைத் தாண்டியதும் சவுக்குத் தோப்பு, அதற்கு அப்பால் திடீரென்று கடல்.

எஸ்தர் செருப்பைக் கழற்றிவிட்டு அலையில் நின்றாள். முக்கால் மணி நேரம் நின்றாள். புடவையின் கீழ்ப் பாதி நனைந்து கறுத்துப்போனது. நான் போதும் என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். திரும்பவில்லை.

கரையில் ஒரு அம்மாள் அடுப்பு மூட்டி மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். துண்டு இருபத்தைந்து காசு. நாலு துண்டு வாங்கினோம். அவள் எஸ்தரை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வந்தாள்.

"ஏன்யா, பொண்டாட்டிக்கு சோறு கீறு போடறியா இல்லியா? எலும்பும் தோலுமா கீது பொண்ணு."

"போடறாரு ஆயா, எனக்குத்தான் ஒட்ட மாட்டேங்குது" என்றாள் எஸ்தர்.

"மாமியாக்காரி கூட கீறாளா?"

"இல்ல."

"அப்பறம் ஏன் ஒட்டல? இந்தா, இந்தத் துண்ட துன்னு. இதுக்குக் காசு வாணாம்."

எஸ்தர் முள்ளை எடுத்து எடுத்துத் தின்றாள். இளநீர் மூன்று, அறுபது காசு. இங்கே மொத்தம் ஒரு ரூபாய் அறுபது.

மறுபடி கேளம்பாக்கம் வந்து தெற்கே திருப்போரூர் ஒன்பது கிலோமீட்டர், அங்கிருந்து மகாபலிபுரம் பதினேழு. இடது பக்கம் கால்வாய் கூடவே வருகிறது. விறகு ஏற்றிய படகு ஒன்றை இருவர் கழி ஊன்றித் தள்ளிக்கொண்டு போனார்கள். நாளை ரூத் பத்து மணிக்குக் கிரேஸைக் கூட்டி வருவதாகச் சொல்லியிருந்தாள். எஸ்தர் உள்ளே போகும் முன் குழந்தையை ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. "வாசல்லயே வெச்சுப் பார்த்துக்கறேன். கிட்ட போகமாட்டேன்" என்று எஸ்தர் அவளாகவே இரண்டு தடவை சொன்னாள்.

பகல் 10.45. மகாபலிபுரம். ஐந்து ரதங்கள், பெரிய பாறைச் சிற்பம், கடற்கரைக் கோயில் என்று வரிசையாகப் பார்த்தோம். பாறையில் ஒரு குட்டி யானை தாயின் காலடியில் நிற்கிறது. எஸ்தர் அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். கோயில் படியில் உப்புக்காற்று கல்லைத் தின்று முகங்கள் எல்லாம் மழுங்கிக் கிடக்கின்றன. நான் ஒவ்வொன்றாக அளந்து எழுத நினைத்திருந்தேன். அதற்குள் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது.

பகல் 12.30. பஸ் நிற்கும் இடத்துக்கு அருகில் மாடி இல்லாத ஓர் ஓட்டல். இலைச் சாப்பாடு ஒன்றரை ரூபாய், பாயசத்தோடு. வண்டியிலிருந்து இறங்கும்போது எஸ்தர் பையை சீட்டிலேயே வைத்தாள். நான் பையைப் பார்த்தேன்.

"இந்த ஒரு வேளை வேண்டாங்க" என்றாள்.

சரி என்றேன். சாப்பிட்டு முடிந்ததும் அவள் டம்ளரை நானே எடுத்துக் குழாயில் கழுவிவிடலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

உள்ளே நல்ல கூட்டம். காசி வாசலோரம் உட்கார்ந்தார். எங்களுக்குப் பக்கத்து மேஜையில் பட்டணத்துக் குடும்பம் ஒன்று: பேன்ட் போட்ட கணவன், மனைவி, ரிப்பன் கட்டிய சின்னப் பெண். இரண்டு வயது இருக்கும். எஸ்தர் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்து, சாம்பார் சாதம் முழுவதும் சாப்பிட்டாள். அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக்கொண்டாள். "இன்னும் கொஞ்சம் சாதம்" என்று அவளே கேட்டாள். அவள் அப்படிக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்தக் குழந்தை நாற்காலியிலிருந்து இறங்கி எங்களிடம் வந்தது. எஸ்தரின் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு அவளையே பார்த்தது. எஸ்தர் அதைத் தொடவில்லை. இடது கையைக்கூட மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள். இதை நான் அடித்துச் சொல்வேன். குழந்தைதான் எக்கி, அவள் குடித்து மீதி வைத்திருந்த டம்ளரை இரண்டு கையாலும் எடுத்து வாய்க்குக் கொண்டுபோனது.

"குடிக்க விடாதீங்க! அது டி.பி. டம்ளர்!" என்று நான் கத்தினேன்.

தாய் பாய்ந்து வந்து குழந்தையைப் பிடுங்கினாள். டம்ளர் உருண்டு தண்ணீர் எங்கள் இலையில் ஓடியது. அவள் குழந்தையைக் குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு போய் வாயைக் கழுவினாள். அது வீறிட்டு அழுதது. பேன்ட்காரர் எழுந்து முதலாளியைப் பார்த்து, "இப்படிப்பட்டவங்களை எல்லாம் உள்ள விட்டு வியாபாரம் பண்றீங்களா?" என்றார். எதிர் மேஜையில் இருவர் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடினார்கள்.

முதலாளி எங்களிடம் வந்தார். மூன்றடி தள்ளி நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"எழுந்துடுங்க சார்."

"அவங்க இன்னும் சாப்பிட்டு முடிக்கல."

"நான் கடை நடத்தணும் சார். மூணு சாப்பாடு நாலரை. அப்புறம் அந்த டம்ளரும் பாயசக் கிண்ணமும் எவர்சில்வர். இனிமே அதை நான் யாருக்கு வைப்பேன்? நாலு ரூபாய் குடுத்துட்டு நீங்களே எடுத்துக்குங்க. மேஜைக்குப் பினாயில் எட்டணா."

எஸ்தர் பாயசத்தைத் தொடவே இல்லை. ஆனாலும் கிண்ணத்தை எடுத்துக் குழாயடியில் கொட்டினாள். டம்ளரையும் கிண்ணத்தையும் முந்தானையில் முடிந்துகொண்டு எல்லோருக்கும் நடுவில் நடந்து வெளியே வந்தாள். கூட்டம் தானாக வழி விட்டது.

வண்டியருகே காசி நின்றார். தோளில் கிடந்த துண்டு இப்போது மூக்கைச் சுற்றியிருந்தது.

"இன்னா சார் இது? காலைலயே சொல்லியிருக்கலாம்ல? எனக்கும் வூட்ல கொயந்த கீது."

"சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?"

"வந்திருக்க மாட்டேன். அத்த மூஞ்சிக்கு நேரா சொல்லியிருப்பேன்." கொஞ்ச நேரம் சாவியை உருட்டினார். "ஏறுங்க. இங்கயே உட்டுட்டா போவ முடியும்? வண்டி கழுவ அஞ்சு ரூபா தனியா குடுத்துடுங்க." பிறகு எஸ்தரைப் பார்த்துவிட்டு, "மூணு குடுங்க" என்றார்.

நான்கு கண்ணாடியும் இறக்கி விடப்பட்டன. திருக்கழுக்குன்றம் பதினைந்து கிலோமீட்டர், அங்கிருந்து செங்கல்பட்டு பதினான்கு. மலைமேல் கோயில் தெரிந்தது. பாதி வழியில் எஸ்தர் வாயைத் திறந்தாள்.

"தட்டி விட்டிருக்கலாமே."

எனக்குப் புரியவில்லை.

"டம்ளரை. கைதவறின மாதிரி தட்டி விட்டிருந்தா போதும். தண்ணிதானே கொட்டியிருக்கும்?"

டம்ளரைத் தட்டிவிடலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. தாளில் இருந்ததுதான் வாயில் வந்தது.

பிற்பகல் 3.15. செங்கல்பட்டில் காசி டீக்கடையில் நிறுத்தினார். இறங்கிப் போய்த் தான் குடித்துவிட்டு, இன்னொரு கிளாஸோடு வந்தார். "அம்மா, அந்த டம்ளர புடிங்க" என்றார். எஸ்தர் ஜன்னல் வழியாக நீட்ட, கிளாஸ் படாமல் உயரத்திலிருந்து ஊற்றினார். என் அப்பா பல்லாவரம் கல்குவாரியில் வேலை செய்த நாளில் டீக்கடைக்காரன் அவருக்கும் இப்படித்தான் ஊற்றுவான். பார்த்திருக்கிறேன். எஸ்தர் குடித்தாள். எவ்வளவு என்று கேட்டேன். "நான் குடுத்துட்டேன், உடு சார்" என்றார் காசி.

மாலை 4.30. காட்டாங்குளத்தூர், வண்டலூர் தாண்டி இரும்புலியூர். எங்கள் தெருமுனை வந்ததும் காசி வேகத்தைக் குறைத்தார்.

"நிறுத்தாதீங்க அண்ணே. நேரா சானடோரியம் போங்க" என்றாள் எஸ்தர்.

"எஸ்தர், திங்கட்கிழமை வரைக்கும் நாள் இருக்கு. நாளைக்குக் கிரேஸ் வரா."

"அதுக்குத்தான் சொல்றேன்."

"என்ன சொல்ற?"

"வந்தா என்கிட்ட ஓடி வருவா. நான் தூக்கிடுவேன். நீங்க கத்துவீங்க."

தாம்பரம் ஸ்டேஷன் போயிற்று. கேட் அருகே அவள் தானாகவே கதவைத் திறந்து இறங்கினாள். கடிதம் என் சட்டைப் பையில்தான் இருந்தது. நர்ஸ் வாங்கிப் பார்த்து, இன்றைக்கே சேர்த்துக்கொள்ளலாம் என்றார். மாற்றுத் துணி நாளைக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டு எஸ்தர் நடந்தாள். மரங்களுக்கு நடுவே நீண்ட பாதை. நீலப் புடவையின் கீழ்ப் பாதியில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. வார்டு திருப்பம் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சரியாகப் பத்து மணிக்கு ரூத் வந்தாள். கிரேஸுக்குப் புது கவுன். குழந்தை வீட்டுக்குள் ஓடி, சமையலறையில் பார்த்தது, கட்டிலுக்குப் பின்னால் பார்த்தது. பிறகு என் காலைக் கட்டிக்கொண்டு, "ம்மா?" என்று கேட்டது. வார்டுக்குள் குழந்தைகளை விடமாட்டார்கள்.

இதை எழுதும்போது எஸ்தர் உள்ளே போய் நான்காவது மாதம் நடக்கிறது. எடை மூன்று கிலோ ஏறியிருக்கிறது. போன வாரம் டாக்டரிடம் அந்த டம்ளர் விஷயத்தைச் சொன்னேன். இருமலில் பரவும் அளவுக்கு டம்ளரில் பரவாது, அதுவும் ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது பயப்பட வேண்டியதில்லை என்றார். எஸ்தரும் பக்கத்தில்தான் இருந்தாள். என் கையிலிருந்த அவித்த முட்டையை வாங்கி உரித்தாள்.

அந்த வழியில் போகிறவர்கள் கேளம்பாக்கத்தில் காபி குடிக்கலாம். கோவளத்தில் மீன் நன்றாக இருக்கும். டாக்ஸி, வண்டி கழுவியது, மூன்று வேளைச் சாப்பாடு, டம்ளர், கிண்ணம், பினாயில் எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆனது, கிரேஸோடு இருந்திருக்க வேண்டிய அந்த ஒரு மணி நேரம் போக, எழுபது ரூபாய் எண்பது காசு.