மூன்று இலையோடு பறித்த பூ

1. நியூஜெர்சியில் வீடு வாங்கிய முதல் இலையுதிர் காலத்தில், தபாலில் வரவழைத்த மூன்று டிரில்லியம் கிழங்குகளைப் பின்பக்கத்து ஓக் மரத்தடியில் நட்டேன்.
2. இரண்டு அழுகிப்போயின.
3. மூன்றாவது கிழங்கு அடுத்த வசந்தத்தில் ஒரு தண்டும் மூன்று இலைகளும் விட்டது. அதற்கடுத்த வசந்தத்திலும் அவ்வளவுதான்.
4. மூன்றாவது வசந்தத்தில், ஒரு வெள்ளிக்கிழமை, வெள்ளையாக ஒரு பூ பூத்தது.
5. மறுநாள் காலை அது முருகன் படத்துக்கு முன்னால் இருந்தது.

பறித்தவர் என் மாமியார். கோபியிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருந்தார். அன்று கிருத்திகை.

டிரில்லியம் லில்லிக்கு உறவான காட்டுச்செடி. இலை உதிர்க்கும் மரத்தடியில் நான்கு விரற்கடை ஆழத்தில் நட வேண்டும். உதிர்ந்த சருகை வாரக் கூடாது. கோடையில் செடி மண்ணுக்குள் மறைந்த பிறகும் மண் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முக்கியமானது இலை. மேலே மரம் தழைத்து நிழல் கட்டுவதற்குள், அந்த மூன்று இலைகளை வைத்துத்தான் செடி ஒரு வருடத்துக்கான சாப்பாட்டைச் சேர்க்கிறது. இலைக்கு மேலேயே பூ உட்கார்ந்திருப்பதால், தண்டோடு பறித்தால் மூன்றும் கூடவே வந்துவிடும். அந்த வருடம் வேறு இலை விடாது. சில செடிகள் பிறகு வருவதே இல்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியும். அச்செடுத்து ஃபைலில் வைத்திருந்தேன். மாமியாரிடம் சொல்லவில்லை. அவர் வந்த வாரம் டாஃபடில் பூத்துக் கிடந்தது. "பின்னாடி இருக்கிற பூவெல்லாம் பறிச்சுக்கங்க அத்தை" என்று நானே சொல்லியிருந்தேன். டாஃபடில் முடிந்தபோது அவர் அடுத்த பூவுக்குப் போயிருக்கிறார்.

அப்போது ஒய்டூகே வேலை, 2000 பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் குழம்பாமல் திருத்துவது. தினமும் ரயிலேறி நியூயார்க் போய், யாரோ எழுதிய புரோகிராம்களில் இரண்டு இலக்க வருடங்களை நான்காக்கிவிட்டுத் திரும்புவேன். அந்த வசந்தத்தில் எனக்கென்று நான் எதிர்பார்த்திருந்தது அந்தப் பூ ஒன்றைத்தான். வெள்ளிக்கிழமை அந்தியில் குப்பை போடப் போன நேரத்தில்தான் பார்க்க முடிந்தது. சனிக்கிழமை நிதானமாகப் பார்க்கலாம் என்றிருந்தேன்.

"இலையோட பறிச்சுட்டீங்களே அத்தை."

"இலையோட இருந்தாத்தான் லட்சணமா இருக்குது அம்மிணி. செம்பருத்தியெல்லாம் பறிக்கப் பறிக்கத்தான் பூக்கும்."

"இது அப்படி இல்லீங்க அத்தை. மூணு வருஷமா காத்திருந்தேன்."

"மூணு வருஷத்துக்கு ஒரு பூவா? இதுக்குப் போய் மெனக்கெட்ட நேரத்துக்கு ஒரு முருங்கைக் குச்சிய நட்டிருந்தா மரமாயிருக்கும்."

"முருங்கை இந்தக் குளிருக்கு செத்துடும்மா" என்றார் கணவர், செய்தித்தாளை இறக்காமல். பிறகு என்னிடம், "விடு. நம்ம கிரீன் கார்டு மாதிரி, மறுபடியும் முதல்லேர்ந்து அப்ளை பண்ண வேண்டியதுதான்."

நான் சிரிக்கவில்லை. சண்டை போடவும் தெம்பில்லை. இட்லிக்குச் சட்னி அரைத்தேன்.

மதியம் மாமியார் மரத்தடிக்குப் போய், ஒடிந்த தண்டைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"செத்துப் போச்சா?"

"தெரியலீங்க. அடுத்த சித்திரையிலதான் தெரியும்."

"அப்ப நான் இங்க இருக்க மாட்டனே" என்றார்.

அன்றிலிருந்து ஊருக்குக் கிளம்பும்வரை, அரிசி கழுவிய தண்ணீரை ஒன்றுமில்லாத அந்த மண்ணில் ஊற்றினார். அடுத்த வசந்தத்தில் போனில் மூன்று வாரம் தொடர்ந்து கேட்டார். முதல் இரண்டு வாரமும் "இன்னும் இல்லீங்க அத்தை" என்றேன்.

மூன்றாவது வாரம் ஒரு தண்டு வந்தது. இலைகள் மூன்று, முன்பைவிடச் சிறியவை. பூ இல்லை. அவர் கேட்டபோது, செடி பிழைத்துக்கொண்டது என்று சொல்லிவிட்டேன்.