பாப்பா ஓட்டாத விமானம்

என் மனைவி விமானம் ஓட்டுகிறவள். இதைச் சொன்னதும் எல்லோரும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்ப நீங்க?" என்பார்கள். கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன் என்றதும் ஒரு "ஓஹோ" வரும். அந்த ஓஹோவைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அவள் துணை விமானி. இடது இருக்கையில் கேப்டன், வலது இருக்கையில் இவள். வீட்டில் மட்டும் இரண்டு இருக்கையும் அவளுடையதுதான்.

விதி என்றால் விதி, அவளிடம் பேச்சே கிடையாது. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் விமானிகள் வேலைக்கு வேண்டாத ஒரு வார்த்தையும் பேசக்கூடாதாம். அதை எங்கள் காருக்கும் கொண்டுவந்துவிட்டாள். வண்டியைப் பின்னால் எடுத்துப் பெரிய சாலையில் சேரும்வரை யாரும் மூச்சு விடக்கூடாது. கேப்டனும் துணை விமானியும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிடக்கூடாது என்று இன்னொன்று உண்டு. ஒருவர் வயிறு கெட்டாலும் மற்றவர் தப்ப வேண்டுமே. அதனால் ஹோட்டலில் நான் கேட்டதை அவள் கேட்க மாட்டாள், அவள் கேட்டதை என்னைக் கேட்க விடவும் மாட்டாள். அவள் தட்டைப் பார்த்து நான் விட்ட பெருமூச்சுக்குக் கணக்கில்லை.

"சிரிக்காதீங்க. ஒவ்வொரு விதிக்குப் பின்னாடியும் ஒரு விபத்து இருக்கு" என்பாள். அதற்கு மேல் யாரால் சிரிக்க முடியும்?

இவளைப் பெற்றவர், அதாவது என் மாமனார், வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டியவர். லீவே போடாதவர் என்பதுதான் அவருடைய சொத்து, பத்து, பட்டயம் எல்லாம். "காய்ச்சல் அனலாக் கொதிக்கும் மாப்பிள்ளை. நான் பாட்டுக்கு ஸ்டியரிங்கைப் பிடிச்சுட்டு உக்காந்திருப்பேன்" என்று அவர் சொல்லாத விருந்தாளி கிடையாது. முப்பதைத் தாண்டிய மகளை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

அந்த மனிதர் அதுவரை விமானம் ஏறியதே இல்லை. ஏறினால் பாப்பா ஓட்டுகிற விமானத்தில்தான் ஏறுவேன் என்று ஒரே பிடிவாதம். அவளுக்கும் அதுதான் ஆசை. விமானி ஆன நாளிலிருந்து அந்த ஒரு பயணத்துக்காகக் காத்திருந்தாள். கடைசியில் அவருடைய தம்பி இருக்கிற ஊருக்குப் போகும் விமானம் அவளுடைய பணிப் பட்டியலில் விழுந்தது. துணைக்கு நானும் போவதாக ஏற்பாடு. மாமனாருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சலூனில் ஆரம்பித்து, மருந்துக் கடை, தையல் கடை என்று ஒருவரை விடாமல் சொல்லி முடித்தார். தையல்காரர் புதுச் சட்டையைச் சொன்ன நாளுக்கு முன்பே தைத்துக் கொடுத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளம்ப வேண்டிய அன்று காலையில் என் மனைவி மூக்கைப் பிடித்து, வாயை மூடி, உள்ளுக்குள்ளேயே ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் லேசாகத் தும்மிக்கொண்டிருந்தவள்தான்.

"இடது காது திறக்கலைங்க" என்றாள்.

விமானம் கீழே இறங்கும்போது காற்றழுத்தம் மாறும். அடைத்த காது அதற்கு ஈடுகொடுக்காது. உயிர் போகிற வலி வரும், தலை சுற்றும். அதுவும் தரையில் இறக்குகிற நேரத்தில் வரும். மாத்திரை போட்டால் தூக்கம் வரும், அதையும் போட்டுக்கொண்டு ஓட்டக்கூடாது. உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் விமானி தானே சொல்லி விலகிக்கொள்ள வேண்டும் என்பது விதி. அவள் காதுக்குள் எட்டிப்பார்க்க யாரும் வரப்போவதில்லை. அவள் சொன்னால் உண்டு, சொல்லாவிட்டால் இல்லை.

புதுச் சட்டையோடு மாமனார் வந்து நின்றார்.

"அப்பா, நான் இன்னைக்கு ஓட்டல."

"ஏன், ப்ளேன் ரிப்பேரா?"

"காது அடைச்சிருக்குப்பா."

"காதாலயா ப்ளேன் ஓட்டற?"

அவள் எல்லாவற்றையும் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜலதோஷமெல்லாம் ஒரு வியாதியா? உன் காது அடைச்சிருக்கறது யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமேப்பா."

"அப்ப நானும் போகல."

"சித்தப்பா அங்க காத்துட்டு இருப்பாருப்பா. நீங்க போயிட்டு வாங்க."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது சும்மாவா? நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நழுவினேன். அவள் அலுவலகத்துக்குப் போன் போட்டு, பறக்கும் நிலையில் இல்லை என்று தெளிவாகச் சொன்னாள். போனை வைத்த பிறகு அழுதாள். விதியை மதிக்கிறவள் அழக்கூடாது என்று விதி ஒன்றும் இல்லையே.

தம்பி காத்திருப்பாரே என்று கிளம்பி வந்த மாமனார், விமான நிலையத்தில் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இந்தக் காலத்துப் பிள்ளைங்க! தும்மினா லீவு" என்று என் காதைக் கடித்தார். மாற்று விமானி வந்து சேர வேண்டும், விமானம் தாமதமாகும் என்று அறிவித்தார்கள். எங்களுக்கு எதிரே இருந்த கோட்டுப் போட்ட ஒருவர் எழுந்துபோய் விசாரித்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்து, ஊருக்கே கேட்கும்படி சொன்னார்:

"பைலட்டுக்கு உடம்பு சரியில்லையாம்! என்னத்த உடம்பு? தும்மல் வந்திருக்கும், லீவு போட்டிருப்பாங்க. இந்தக் காலத்துல யாருக்குப் பொறுப்பு இருக்கு?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்த்தால் பக்கத்து நாற்காலி காலி. மாமனார் கோட்டுக்காரர் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"சார், அந்த பைலட் என் பொண்ணு."

அவர் திருதிருவென்று விழித்தார்.

"காது அடைச்சிருக்கு சார். ப்ளேன் இறங்கறப்ப காத்தோட அழுத்தம் மாறும், தெரியுமா உங்களுக்கு? அப்ப தலை சுத்தினா யார் பதில் சொல்றது? மாத்திரை போட்டா தூக்கம் வரும், அதைப் போட்டுட்டும் ஓட்டக்கூடாது."

காலையில் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதரின் காதில் ஒரு வார்த்தை விடாமல் விழுந்திருக்கிறது!

"அவ வாயைத் திறக்காம இருந்தா யாருக்கும் தெரியாது. நம்மளை ஏத்திட்டுப் போயிருப்பா. எத்தனை வருஷமா இந்த நாளுக்குக் காத்துட்டு இருந்தா தெரியுமா? பெத்த அப்பனையே ஏத்த மாட்டேன்னுட்டா சார். அவளைப் போயி பொறுப்பில்லைங்கறீங்க!"

கடைசி வார்த்தைகளில் குரல் உடைந்துவிட்டது. கோட்டுக்காரர் எழுந்து, "மன்னிச்சுக்கங்க ஐயா" என்று தன் இருக்கையை அவருக்குக் கொடுத்தார். இரண்டடியில் சொந்த இருக்கை காலியாக இருக்க, மாமனார் அதிலேயே ராஜா மாதிரி உட்கார்ந்துகொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொன்னால் என்ன?

விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் என் போனைப் பிடுங்கினார்.

"பாப்பா, ஏறிட்டேன். வேற யாரோ ஓட்டறார். நல்ல பிள்ளையாத்தான் தெரியறார்."

"கோபமாப்பா?"

"ஆமா, கோபம்தான். திரும்பி வர்றப்ப நீதான் வந்து கூட்டிட்டுப் போகணும். காது நல்லாத் திறந்தப்புறம் வந்தாப் போதும். அவசரப்பட்டுடாத."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. ஜலதோஷமா, அழுகையா என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அவர் போனைத் திருப்பிக் கொடுத்ததும், "மாமா, நாளன்னைக்கு நமக்குத் திரும்ப டிக்கெட் இருக்கு. நான் கடையைத் திறக்கணும்" என்று மெல்ல ஆரம்பித்தேன்.

"நீங்க தாராளமாப் போங்க மாப்பிள்ளை" என்றார், பெல்ட்டை இறுக்கிக்கொண்டே. "நான் என் வண்டி வந்தாத்தான் ஏறுவேன்."