குரலைக் குறைக்கச் சொல்லி அம்மனிடம் அழுதேன்

போன வருடம் ஆடி பிறப்பதற்குச் சில நாள் முன்பு என் வேலை போனது. அது மூன்றாவது வேலை. மூன்றும் போனதற்கு ஒரே காரணம்தான். என் குரல்.

எனக்குப் பிறவியிலேயே பெரிய குரல். மெதுவாகப் பேசுவதாக நினைத்துத்தான் பேசுவேன், பக்கத்து அடுக்குமாடி புளோக்கில் கேட்கும். கடைசியாக ஒரு கிளினிக்கில் முன்மேசையில் இருந்தேன். மூலத்துக்கு மருந்து வாங்க வந்தவரிடம் அதை எப்படிப் பூசுவது என்று விளக்கினேன். உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பாவம், அந்த மனிதர் மருந்தை வாங்காமலே போய்விட்டார். டாக்டர் நல்லவர், எத்தனையோ தடவை பொறுமையாகச் சொல்லிப் பார்த்தவர். "சாந்தி, இந்த வேலை உங்களுக்கு ஒத்து வரல" என்றார்.

வீட்டுக்காரர் இங்கே சிங்கப்பூரில், ஜூரோங் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறார். வந்ததும், "எவ்வளவு நாளா சொல்றேன், வால்யூமைக் குறை லா" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கோ மனசு விட்டுப்போனது. படிப்பும் அதிகம் இல்லை. நாற்பது வயதுக்கு மேல் யார் என்னை வேலைக்குக் கூப்பிடுவார்கள்? எதற்குமே லாயக்கில்லாமல் போய்விட்டேனா?

லிட்டில் இந்தியாவில் நான் வாரம் தவறாமல் போகும் அம்மன் கோயிலில் நின்று அழுதேன். "தாயே, இந்தத் தொண்டையை அடக்கு. நாலு பேரைப் போலப் பேச வை." ஆடி வெள்ளிதோறும் மௌன விரதம் இருப்பதாக வேண்டிக்கொண்டேன். முதல் வெள்ளி வாயே திறக்கவில்லை. "அம்மா, வீடு வீடு மாதிரியே இல்ல" என்றாள் என் மகள்.

இரண்டாம் வெள்ளி கோயிலில் கூழ் ஊற்றினார்கள். நல்ல கூட்டம். முதியோர் பகல் பராமரிப்பு நிலையம் ஒன்றிலிருந்து வயதானவர்களை வேனில் அழைத்து வந்திருந்தார்கள். கூழ் குடித்து முடித்ததும் அவர்களில் ஒரு தாத்தா மட்டும் தனியாகச் சாலைப் பக்கம் நடந்துவிட்டார். நிலையத்துப் பெண் "தாத்தா, தாத்தா" என்று கூப்பிட்டபடி ஓடினாள். அவர் திரும்பவே இல்லை. ஒரே மேளச் சத்தம். எதிரே பஸ் வருகிறது!

விரதம் மறந்துபோனது. அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "தாத்தா! அப்படியே நில்லுங்க!"

நின்றார். பஸ் அவரை உரசாத குறையாகப் போனது. அவர் திரும்பி என்னை முறைத்தார். "எதுக்கும்மா இப்படிக் கத்துற? எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

அந்தப் பெண் பெயர் கவிதா. ஓடி வந்து அவர் கையைப் பிடித்தவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "அக்கா, நாங்க பேசுறது இவருக்குக் கேட்டதே இல்ல. காது மெஷின் மாட்டுனா கழட்டி வீசிடுவாரு."

எனக்கும் அழுகைதான். "என் விரதம் போச்சும்மா."

என்ன விரதம் என்று கேட்டாள். சொன்னேன்.

"குரலைக் குறைக்கவா? ஐயோ அக்கா! எங்க சென்டருக்கு வாங்க லா, ஆள் தேடிக்கிட்டிருக்கோம்."

திங்கட்கிழமை போனேன். அன்று நான் செய்வதைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வதாக மேலாளர் சொன்னார். முதியவர்கள் முன்னால் நின்று உடற்பயிற்சி சொல்லித்தர வேண்டும். இந்த வேலையும் கைநழுவிவிடுமோ என்று கிளினிக்கில் பேசப் பார்த்தது போலக் குரலை அமுக்கிப் பேசினேன். ஒருவரும் அசையவில்லை. முன்வரிசையில் ஒரு பாட்டி பக்கத்தில் இருந்தவரிடம், "இந்தப் பொண்ணு பேசுதா, கொட்டாவி விடுதா?" என்றார். மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

தாயே, நீயே பார்த்துக்கொள் என்று மனதுக்குள் சொன்னேன். வாயைத் திறந்தேன்.

"எல்லாரும் கையைத் தூக்குங்க!"

அறை முழுக்கக் கைகள் எழுந்தன! மூலையில் தூங்கிக்கொண்டிருந்தவரும் தூக்கினார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சாயங்காலமே வேலை உறுதி என்று சொல்லிவிட்டார்கள். விரதம் முறிந்ததற்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று நேரே கோயிலுக்குப் போனேன். சன்னதியில் நின்றால் மன்னிப்பு வரவில்லை, நன்றிதான் வந்தது.

இப்போது முதியோர் பராமரிப்புப் பயிற்சி வகுப்பும் முடித்துவிட்டேன். செய்தித்தாள் வாசிக்கிறேன், பாட்டுப் பாடுகிறேன். காலையில் எழும்போதே எப்போது வேலைக்குப் போவோம் என்றிருக்கிறது. போன வாரம் ஒரு பாட்டிக்கு வெளிநாட்டிலிருந்து மகன் போன் செய்தார். அவர் பேசுவது பாட்டிக்குக் கேட்கவில்லை, முகம் வாடிவிட்டது. நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "பாட்டி, சாப்பிட்டீங்களான்னு கேக்குறாரு!" என்றேன். பாட்டி வாய் திறப்பதற்குள் அறையே பதில் சொன்னது: "சாப்பிட்டாச்சு!" போனில் மகன் சிரித்துக்கொண்டே அழுதார்.

நம்பியிருக்கிறவர்களே, உங்களிடமும் எல்லாரும் குறை சொல்லும் ஏதோ ஒன்று இருக்கலாம். நான் செய்தது போல எடுத்துவிடு என்று மட்டும் கேட்காதீர்கள். அம்மன் முன்னால் போய் நின்று, "இதை எதுக்கம்மா எனக்குக் கொடுத்தே?" என்று கேளுங்கள். காட்டுவாள். எனக்குக் காட்டினாளே!