ஷகீலா அழிக்க விடாத ஃபைல்

ஆம்பூர் ஸ்டேஷனில் நான் இறங்கியபோது ஷகீலாவின் தம்பி பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தான். "அக்கா போய்ட்டாங்க. வேலூர் ஆஸ்பத்திரிலதான். நீங்க இந்த ரயில்ல வருவீங்கன்னு நின்னேன்" என்றான். மூளைக் காய்ச்சல். படுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. "பொய் சொல்லாத" என்று அவனிடம் கத்தினேன்.

அவளைத் தெரிந்த உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். நம் தோல் தொழிற்சாலைக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அந்த அறையில் இருந்தது நாங்கள் இருவர்தான். வெளியே ஊறும் தோலின் நாற்றம், உள்ளே பல் கிட்டும் குளிர். "ஏசி மெஷினுக்குடி, நமக்கில்ல. பேஜார் பண்ணாம பழகிக்க" என்பாள்.

ஸி என்ற கம்ப்யூட்டர் மொழியில் அவள் ஒரு சின்ன புரோகிராம் எழுதி வைத்திருந்தாள். டிஸ்க்கில் எவ்வளவு இடம் காலி என்று, மெஷினை நடத்தும் யூனிக்ஸிடம் விசாரித்துச் சொல்லும். ஒருநாள் அது நிறைய இடம் இருப்பதாகக் காட்டியது. ஆனால் பேக்கிங் லிஸ்ட் போடப் போனால் 'இடமில்லை' என்று மெஷின் மறுத்தது. சரக்கு லாரி வாசலில் நின்றது. சாயங்காலத்துக்குள் அது மெட்ராஸ் ஹார்பர் போய்ச் சேரவேண்டும்.

"இன்னாம்மா இது, நீ ஒண்ணு சொல்ற, மெஷின் ஒண்ணு சொல்லுது" என்று மேனேஜர் சத்தம் போட்டார். "அட்டெண்டன்ஸ் ஃபைல்தான பெருசு? அத அழிச்சுடு."

நகல் எடுத்து வைக்கும் டேப் டிரைவ் ரிப்பேராகிக் கிடந்தது. வேறு நகல் கிடையாது. தோல் கழுவும் பெண்கள் இத்தனை வருடம் இங்கே உழைத்தார்கள் என்பதற்கு அந்த ஃபைல் ஒன்றுதான் சாட்சி. ஷகீலா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அழிச்சா திரும்ப வராது சார். மொதல்ல கேட்டுப் பாக்கறேன்."

அவள் புரோகிராம் கேட்கும் கேள்விக்கு யூனிக்ஸ் இரண்டு எண்களைத் தரும். எழுத எவ்வளவு இடம் மிச்சம் என்பது ஒன்று. இன்னும் எத்தனை ஃபைல் உண்டாக்கலாம் என்பது மற்றொன்று. அவள் முதல் எண்ணை மட்டுமே திரையில் காட்டியிருந்தாள். இரண்டாவதற்கும் ஒரு வரி சேர்த்து ஓட்டினாள். பூஜ்யம் வந்தது. இடம் இருந்தும் புதிதாக ஒரு ஃபைல்கூட உண்டாக்க முடியாது.

"ரெண்டு குடுத்துச்சுடி. நான்தான் ஒண்ணப் பாத்துட்டுப் போய்ட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

தோல் கட்டு ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு கட்டுவது நம் வழக்கம். அதே பழக்கத்தில் மெஷினிலும் கட்டுக்கு ஒரு ஃபைல் திறந்திருந்தோம். அந்தத் துக்கடா ஃபைல்களே எண்ணிக்கையைத் தின்றுவிட்டன. அட்டெண்டன்ஸை அழித்திருந்தால் ஒரே ஒரு ஃபைலுக்குத்தான் வழி பிறந்திருக்கும், அடுத்ததற்கு மறுபடி இதே கதைதான். அனுப்பி முடித்த கட்டுகளின் விவரங்களை ஏற்கெனவே இருந்த ஒரு ஃபைலில் சேர்த்துவிட்டு, துக்கடாக்களை நீக்கினாள். பிரிண்டர் ஓடியது, லாரி கிளம்பியது. மேனேஜர் டீ வாங்கி அனுப்பினார். "சக்கர கம்மி. சார் இன்னும் கோவமாத்தான் இருக்காரு" என்று சிரித்தாள்.

நேற்று அதே மேனேஜர் என் மேசையருகே வந்து நின்றார். குரல் எழும்பவில்லை. "அட்டெண்டன்ஸ்லேருந்து அந்தப் பொண்ணு பேர எடுத்துடும்மா" என்றார்.

எடுத்தால் திரும்ப வராதே, ஷகீலா. நீ எனக்கு விட்டுப்போனது கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் அழிக்கவேண்டும் என்கிற பிடிவாதம். யாரிடம் கேட்பேன், சொல்.

பெயரை எடுக்கவில்லை. இன்றைக்கு அதற்கு நேரே ஆப்சென்ட் என்று போட்டிருக்கிறேன். நாளைக்கும் அதையே போடுவேன்.